'ரிட்டர்ன் தேதி முடிஞ்சிருச்சு சார்' என்று சொன்னால் என்ன செய்வது

அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினேன். 750 வாட், மூன்று ஜார், 3,499 ரூபாய். முதல் நாள் தேங்காய்ச் சட்னிக்கு நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் உளுந்து போட்டதும் கருகல் வாடை, ஜாருக்கு அடியில் கசிவு, அரை நிமிடம் ஓடும், நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். நான்காம் நாளே ஆப்பில் புகார் போட்டேன். டெக்னீஷியன் வந்து பார்த்துச் சொன்னால்தான் திருப்பி எடுப்போம் என்றார்கள், ஆறாம் நாள் என்று தேதியும் கொடுத்தார்கள். யாரும் வரவில்லை. ஆனால் போனுக்கு மட்டும் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று ஒரு மெசேஜ் வந்தது. அம்மா அன்றைக்கு வாசலை விட்டு நகரவே இல்லை. அடுத்த தேதி ஒன்பதாம் நாள், அவர் வந்ததோ பதினொன்றாம் நாள். திறந்து பார்த்து 'மோட்டார் போச்சுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்கப் பத்து நாள்தான் கெடு. அன்று மாலை சாட்டில் பதில் வந்தது: ரிட்டர்ன் தேதி முடிஞ்சிருச்சு சார், கம்பெனி வாரண்டியில பாத்துக்கோங்க.

பணம் கடைசியில் வந்தது, 43ஆம் நாள். இடையில் நான் தப்பாகச் செய்தது என்ன, சரியாகச் செய்தது என்ன என்பதை வைத்து இதை எழுதுகிறேன். மிக்ஸிக்கு மட்டுமில்லை, போன், கிரைண்டர், செருப்பு எல்லாவற்றுக்கும் வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். இதில் வரும் சட்டம் இந்தியாவுக்கானது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஏழு நாள், பத்து நாள் என்று போட்டிருக்கிறார்களே, அந்தக் கெடு கடைக்காரர் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது. கலர் பிடிக்கவில்லை, சைஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தக் கெடுவுக்கு நாம் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் பொருளே பழுது என்றால் கதை வேறு. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பொருள் பழுதாக இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், விற்றவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், பணம் தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம் என்ற பட்டியலில் வருகிறது. அதனால் கெடுவுக்குள் சொல்லிவிட்டீர்கள், அவர்கள் இழுத்தடித்துக் கெடுவைத் தாண்ட வைத்தார்கள் என்றால், தப்பு உங்கள் மேல் இல்லை. நீங்கள் எந்த நாளில் சொன்னீர்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆதாரம் என்கிற இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறோம்.

பார்சல் வந்த அன்று

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். இதைக் கேலி செய்தவன் நானும்தான். இப்போது ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எது வந்தாலும் எடுக்கிறேன். மேலே ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டு, டேப் கிழிபடாமல் இருப்பது, பெட்டியின் ஆறு பக்கமும், பிறகு வெட்டுவது, உள்ளே இருப்பதை எடுப்பது, சீரியல் நம்பர், கடைசியில் பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்ப்பது, எல்லாம் ஒரே வீடியோவில் வர வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் 'இடையில் மாற்றிவிட்டீர்கள்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பு.

விலை கூடின பொருள் என்றால், டெலிவரி செய்பவர் எதிரிலேயே பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு ஓடிபி வாங்கும் முறை சில தளங்களில் இருக்கிறது. அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அவருக்கு இன்னும் எழுபது வீடு இருக்கும், 'சார் ஓடிபி சொல்லுங்க, நேரமாகுது' என்று அவசரப்படுத்துவார், பாவம் அவர் பிழைப்பு அது. இருந்தாலும் திறந்து பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஓடிபி சொன்ன நொடியில் 'பொருள் சரியாகக் கிடைத்தது' என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.

அட்டைப் பெட்டி, தெர்மாகோல், உள்ளே வரும் பிளாஸ்டிக் உறை, வாரண்டி அட்டை, எதையும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்த மறுநாளே அந்தப் பெட்டிக்குள் பழைய புடவைகள் போய்விட்டன, தெர்மாகோலைப் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் பிராஜெக்டுக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிக்கப் எடுக்க வந்தவர் பெட்டியில் உள்ள பார்கோடைக் கேட்டபோது புடவைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கொடுத்தோம். தெர்மாகோலுக்குப் பதில் தினசரி பேப்பரைக் கசக்கித் திணித்தேன், நல்லவேளையாக ஏற்றுக்கொண்டார்.

பில்லை அன்றைக்கே டவுன்லோடு செய்து வையுங்கள். அதில் விற்றவர் பெயர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நாம் வாங்கியது பெரிய ஆப்பில் என்றாலும் பில்லில் கேள்விப்படாத ஒரு டிரேடர்ஸ் பெயர் இருக்கும். பின்னால் அது தேவைப்படும்.

புகார் போடும்போது

ஆப்பில் 'ஏன் திருப்பிக் கொடுக்கிறீர்கள்' என்று ஒரு பட்டியல் வரும். அவசரத்தில் 'இனி தேவையில்லை', 'மனம் மாறிவிட்டது' என்று எதையாவது தட்டிவிடாதீர்கள். சிலர் அதைத் தட்டினால் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்கள் என்று யோசனை வேறு சொல்கிறார்கள். அது வேலை செய்தால் சரி, செய்யாவிட்டால் பொருள் பழுது என்று நீங்கள் சொன்னதற்கே சான்று இருக்காது. 'பழுது', 'வேலை செய்யவில்லை' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, எழுதும் கட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 'மட்டமான பொருள், ஏமாற்றிவிட்டீர்கள்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'அரை நிமிடத்துக்கு மேல் ஓடினால் நின்றுவிடுகிறது, மோட்டாரிலிருந்து கருகல் வாடை வருகிறது, பெரிய ஜாரின் அடியில் கசிகிறது, வீடியோ இணைத்துள்ளேன்' என்று எழுதுங்கள்.

எல்லாமே எழுத்தில் இருக்கட்டும். நான் செய்த பெரிய தப்பு இதுதான்: முதல் வாரம் முழுக்கப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கஸ்டமர் கேரில் இருந்த பெண் ரொம்பத் தன்மையாகப் பேசினார், 'கவலைப்படாதீங்க சார், உங்களுக்கு டேட் எக்ஸ்டெண்ட் பண்ணிருக்கோம்' என்றார். எங்கே எக்ஸ்டெண்ட் ஆனது? பின்னால் கேட்டால் அப்படி ஒரு குறிப்பே இல்லை என்கிறார்கள். போனில் பேச வேண்டி வந்தால், வைத்த அடுத்த நிமிடமே சாட்டிலோ மெயிலிலோ 'இன்று மாலை 4.20க்கு உங்கள் ஊழியர் கெடுவை நீட்டித்ததாகச் சொன்னார், உறுதிப்படுத்துங்கள்' என்று போடுங்கள். அவர்கள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் சொன்னது பதிவாகிவிட்டது. சாட் முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், சில ஆப்களில் பழைய சாட் கொஞ்ச நாளில் காணாமல் போகும். ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் எண் தர வேண்டும் என்று அதே 2020 விதிகளில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

டெக்னீஷியன் வந்தால் எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள். ஜாப் ஷீட் என்று ஒன்று இருக்கும், அதில் என்ன பழுது என்று அவர் எழுத வேண்டும். போன், டிவிக்கு என்றால் பிராண்டின் சர்வீஸ் சென்டரில் 'டிஓஏ' சான்று கேளுங்கள், வந்தபோதே செத்துப்போய் வந்தது என்பதற்கான சீட்டு அது. அது கையில் இருந்தால் அநேகமாக வேறு பேச்சே இருக்காது. இன்னொன்று, ரிட்டர்ன் பேச்சு நடக்கும்போது 'சரி, மோட்டாரை மாற்றித் தருகிறேன்' என்று அவர் கழற்ற ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டீர்கள் என்றால் பணம் திருப்பித் தரும் பேச்சு அதோடு முடிந்தது என்பார்கள். புதுப் பொருள் வாங்கிப் பத்தாம் நாளே பிரித்து மாட்டிய மிக்ஸியை வைத்துக்கொள்ள நாம் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

யாரும் வராமலே 'வீட்டில் ஆள் இல்லை' என்று மெசேஜ் வந்தால், அதே நிமிடம் உங்கள் போனின் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை, நாள் முழுக்க வீட்டில் இருந்தோம்' என்று எழுதிப் போடுங்கள். மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அது அவர்கள் கணக்கில் உங்கள் தப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். என் விஷயத்தில் கடைசியில் கைகொடுத்தது அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் என்று நினைக்கிறேன்.

பிக்கப் அன்று

எடுக்க வருபவர் ஆப்பில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்: சீரியல் நம்பர் பொருந்துகிறதா, ஜார் மூன்றும் இருக்கிறதா, மூடி இருக்கிறதா. ஒன்று குறைந்தாலும் 'க்யூசி ஃபெயில்', அதாவது சோதனையில் தேறவில்லை, என்று அடித்துவிட்டுப் போய்விடுவார். போனைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். கணக்கு பூட்டியே இருந்தால் ஏற்க மாட்டார்கள். அழிக்காமல் கொடுத்தால் உங்கள் போட்டோ எல்லாம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஒப்படைக்கும்போதும் வீடியோ எடுங்கள், கையில் சீட்டோ மெசேஜோ வாங்காமல் பொருளை விடாதீர்கள். 'உள்ளே செங்கல் இருந்தது' என்று வாங்குபவர்கள் மட்டும் புலம்புவதில்லை, திருப்பி வந்த பெட்டியைப் பார்த்து விற்பவர்களும் அதையே சொல்கிறார்கள்.

சின்ன ஊர், உங்கள் பின்கோடுக்குப் பிக்கப் கிடையாது, நீங்களே அனுப்புங்கள் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள், எடையும் அதில் பதிவாகும். அனுப்பும் செலவை யார் தருவது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பழுது அவர்களுடையது என்றால் செலவும் அவர்களுடையதுதான்.

சாட்டில் முட்டி மோதிய பிறகு

சாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் எதிரில் நான்கு பதில்கள் இருக்கும், அதில் ஒன்றை ஒட்டுவார். மூன்று தடவைக்கு மேல் அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயர், பதவி, தொடர்பு விவரம் எல்லாவற்றையும் தளத்தில் போட வேண்டும் என்பது விதி. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், நாம் ஒருநாளும் பார்க்காத இடத்தில் இருக்கும். அந்த மெயிலுக்கு எழுதுங்கள். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: 'ஆர்டர் எண் இது. பொருள் கிடைத்த தேதி இது. நான்காம் நாள் பழுது என்று புகார் செய்தேன், டிக்கெட் எண் இது. உங்கள் டெக்னீஷியன் ஆறாம் நாளும் ஒன்பதாம் நாளும் வரவில்லை, பதினொன்றாம் நாள் வந்து மோட்டார் பழுது என்றார். கெடு தாண்டியது உங்கள் தாமதத்தால். 2020 மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. 3,499 ரூபாயை நான் செலுத்திய வழியிலேயே 15 நாளுக்குள் திருப்பித் தரவும். இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.' அவ்வளவுதான். திட்டவில்லை, கெஞ்சவில்லை. பில், ஸ்கிரீன்ஷாட், வீடியோ இணைப்பு. பில்லில் இருந்த அந்த டிரேடர்ஸுக்கும் மிக்ஸி கம்பெனிக்கும் நகல் போட்டேன். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மெயில் முகவரி, பொருள் வந்த அட்டைப்பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும்.

பதிலுக்கு 'நாங்கள் வெறும் சந்தைதான், விற்றவரைக் கேளுங்கள்' என்று வந்தது. விற்றவர் பதிலே போடவில்லை. அதற்கு மேல் அவர்களோடு பேசுவதில் அர்த்தமில்லை என்று 1915க்கு அடித்தேன்.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். இணையதளம் வழியாகவும் வாட்ஸ்அப்பிலும் கூடப் புகார் பதியலாம், அந்த வாட்ஸ்அப் எண் 8800001915. பதிந்ததும் ஒரு டாக்கெட் எண் தருவார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். உதவி எண்ணில் இருப்பவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சாட்டில் மூன்று வாரம் நகராதது இங்கே நகர்ந்தது. அங்கிருந்து வரும் புகாரைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள் போலிருக்கிறது.

கார்டில் பணம் கட்டியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. கார்டு கொடுத்த வங்கியில் 'சார்ஜ்பேக்' கேளுங்கள், கட்டிய பணத்தைக் கடைக்காரரிடமிருந்து வங்கியே திரும்ப வாங்கித் தரும் முறை அது. பொருள் பழுது, கடைக்காரர் எடுக்க மறுக்கிறார் என்று ஆதாரத்தோடு கொடுத்தால் வங்கி அவர்கள் பக்கத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யும். இதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் மற்ற வழிகள் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இஎம்ஐயில் வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை: கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்தான் அடி வாங்கும். டெலிவரியில் காசாகக் கொடுத்திருந்தால், ரீஃபண்டை ஆப்பின் வாலட்டில் போடுகிறோம் என்பார்கள். வங்கிக் கணக்குக்கே வேண்டும் என்று சொல்லுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால்

மாவட்ட நுகர்வோர் ஆணையம். இன்னும் எல்லோரும் நுகர்வோர் கோர்ட் என்றுதான் சொல்கிறோம். கோர்ட் என்றதும் வக்கீல் ஃபீஸ், அலைச்சல் என்று பயம் வரும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கம்பெனி பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தால் என்ன, 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே போடலாம். 'எல்லா வழக்கும் இந்த ஊர் எல்லைக்கு உட்பட்டது' என்று பில்லின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆன்லைனில் தாக்கல் செய்ய முன்பு இ-தாக்கில் தளம் இருந்தது, 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி வந்திருக்கிறது. வீடியோ வழியாக விசாரணைக்கு வரக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

போடும்போது ஆப், விற்றவர், தயாரித்த கம்பெனி மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்ற இருவரும் அந்த வராத ஆளைத்தான் கை காட்டுவார்கள். ஸ்கிரீன்ஷாட், வீடியோ கொடுக்கும்போது அவை உங்கள் போனிலிருந்து எடுத்தவை என்று ஒரு சான்றும் இணைக்கச் சொல்வார்கள். முன்பு 65பி சான்று என்பார்கள், இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு. நஷ்ட ஈடு கேட்பதில் நிதானம் வேண்டும். மிக்ஸி விலை, அலைந்த செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. 3,499 ரூபாய் மிக்ஸிக்கு 10 லட்சம் கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டி வந்தால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். சின்னத் தொகைக்கு இது தேவையா என்று கேட்டால், என் பதில் தொகையைப் பொறுத்தது. நான்காயிரத்துக்குள் என்றால் 1915 வரை போவேன், அதற்கு மேல் என் நேரத்தையும் கணக்குப் பார்ப்பேன். ஃபிரிட்ஜ், போன் என்றால் யோசிக்காமல் போடுவேன்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, தடுக்கி விழுந்துவிடாதீர்கள். ஆத்திரத்தில் கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடினால் வரும் எண்களில் பல திருடர்களுடையவை. எக்ஸில் கம்பெனியை டேக் செய்து திட்டினால், ஐந்து நிமிடத்தில் அதே லோகோவோடு ஒருவர் 'உங்கள் நம்பரை அனுப்புங்கள், ரீஃபண்ட் போடுகிறோம்' என்று வருவார், அவரும் அந்தக் கூட்டம்தான். உங்கள் போன் திரையை அவர்கள் பார்க்க வழிசெய்யும் எனி டெஸ்க் மாதிரி ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அல்லது யுபிஐ பின் போடச் சொல்வார்கள். பணம் உங்களுக்கு வர யுபிஐ பின் எண் தேவையே இல்லை, அந்த எண்ணைக் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். எண்ணை ஆப்புக்குள்ளிருந்தோ பில்லிலிருந்தோ மட்டும் எடுங்கள். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930க்கு அடியுங்கள்.

அப்புறம் ஒன்று. 1915இல் பதிந்து ஆறாம் நாள் எனக்கு மெசேஜ் வந்தது, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று. கணக்கில் ஒரு ரூபாய் வரவில்லை. ரீஃபண்ட் போடுகிறோம் என்று கம்பெனி பதில் எழுதியிருக்கிறது, அதை வைத்து முடித்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டு அதே டாக்கெட் எண்ணைச் சொல்லி, பணம் வரவில்லை என்று வங்கிக் கணக்கின் படத்தோடு சொன்னேன். அதற்கு நான்காம் நாள் பணம் வந்தது. ஆப்பில் 'ரீஃபண்ட் ஆகிவிட்டது' என்று பச்சை டிக் விழுந்திருந்தாலும், யூடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்தின் வங்கி எண்ணை, கேட்டு வாங்கி வங்கியில் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை எங்கேயும் 'சரி, திருப்தி' என்று தட்டிவிடாதீர்கள்.